கறி வேகாத காதுகுத்து

முதல் பந்தி உட்கார்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது. எல்லாருடைய தாடையும் ஆடிக்கொண்டே இருந்தது. கறி மட்டும் உள்ளே இறங்கவில்லை. என் வீட்டுக்காரரின் அண்ணன், எங்கள் மூத்தார், ஒரு துண்டை வாயிலிருந்து எடுத்து இலை ஓரத்தில் வைத்தார். வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மீன்சுருட்டிக்குப் பக்கத்தில், முந்திரிக் காட்டை ஒட்டியிருக்கும் எங்கள் குலதெய்வக் கோயில். என் மூத்த மகளுக்கு அன்று காதுகுத்து. இரண்டு கெடா வெட்டி விருந்து. அந்தக் கறிதான் வேகவில்லை.

"ஏ கொளஞ்சி, இங்க வா" என்றார் மூத்தார்.

கொளஞ்சி மாஸ்டர் தோளில் கிடந்த துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். உடையார்பாளையம் பக்கம் அவர் ஊர். காதுகுத்து, கெடா வெட்டு என்றால் சமையலுக்குச் சுற்றுவட்டாரத்தில் முதலில் அவரைத்தான் கேட்பார்கள். அவருடைய அப்பா எங்கள் மூத்தார் வீட்டு வயலில் கூலிக்கு அறுத்தவர். மகன் கரண்டியைப் பிடித்து மேலே வந்து, அண்டாக்களும் அடுப்புகளும் ஏற்றிப் போகச் சொந்தமாக ஒரு பழைய வேனும் வைத்திருந்தார்.

"இது என்ன கறி?"

"நீங்க வெட்டிக் குடுத்த கெடாதாங்க."

"நான் வெட்டினது எளங்கெடா. இது கெழட்டு ஆடு. மாத்திட்டியா?"

"எதுக்குங்க மாத்தணும்?"

"நல்ல கறிய ஒதுக்கிட்டு இதப் போட்டுருக்க. வேனைத் தொற."

வேனைத் திறந்தார்கள். பின்கதவு இரண்டையும் விரியத் திறந்து, சாக்கு, சிலிண்டர், கரண்டிக் கட்டு எல்லாவற்றையும் கீழே இறக்கினார்கள். அவருடைய ஆட்கள் கொண்டுவந்த தூக்குச்சட்டியைக்கூட ஒருவர் திறந்து பார்த்தார். பழைய சோறும் மோர் மிளகாயும் இருந்தன. கறி இல்லை. "இங்கயா வெச்சிருப்பான், எப்பவோ அனுப்பிருப்பான்" என்று பந்தியிலிருந்து ஒரு குரல் வந்தது.

நான் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றேன். காது வலியில் அவள் சிணுங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு விஷயம் தெரியும். அதைச் சொல்லவில்லை.

ஐஸ் எப்படி வந்தது

சொல்லியிருக்க வேண்டியதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் வகையறாவில் ஒரு முறை உண்டு. கெடாவைக் காலையிலேயே வெட்டிவிடுவார்கள். ஆனால் தாய்மாமன் வந்து, குழந்தையை மடியில் வைத்துக் காது குத்தி முடிக்கிற வரைக்கும் கறிச்சட்டி அடுப்பில் ஏறக்கூடாது. மாமன் வராத வீட்டில் கறி கொதிப்பது அவமானம் என்பது கணக்கு. மாமன் ஒழுங்காக வந்துவிட்டால் தொல்லையே இல்லை. வெட்டிய சூட்டோடு கறி சட்டிக்குப் போய்விடும்.

என் மகளுக்குத் தாய்மாமன் என் தம்பி குமரவேல். பெரம்பலூரில் உரக்கடையில் வேலை. எங்கள் பெரம்பலூருக்கு ரயில் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். பஸ்தான் எல்லாம். ஏழு மணிக்கு நிற்கிறேன் என்று சத்தியம் செய்திருந்தான். ஏழு மணிக்குப் போன் வந்தது.

"அக்கா, அரியலூர் தாண்டிட்டோம். சுண்ணாம்புக்கல் லாரி ஒண்ணு ரோட்டுக்குக் குறுக்க நிக்குது. முன்னயும் போவ முடியல, பின்னயும் போவ முடியல."

"எறங்கி நடந்து வா."

"சீர்த்தட்டைத் தலையில வெச்சிக்கிட்டா?"

கெடாக்களை ஆறரைக்கே வெட்டியாகிவிட்டது. தண்ணீர் தெளித்ததும் இரண்டும் சட்டென்று சிலுப்பிக்கொண்டன. சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று எல்லாருக்கும் சந்தோஷம். எலும்பு தனி, சதை தனி என்று துண்டு போட்டும் வைத்துவிட்டார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஈ மொய்த்தது.

நான் விலங்கியல் ஆசிரியை. கறி என்றதும் எனக்குக் கிருமிதான் கண்ணில் தெரியும். சைக்கிள் மணி அடித்துக்கொண்டு மீன்காரர் ஒருவர் போனார். அவரை மடக்கிப் பெட்டியோடு ஐஸை வாங்கினேன். ஐஸை உடைத்துப் போட்டு, கறியைப் பாலிதீன் பைகளில் கட்டி, நடுவில் புதைக்கச் சொன்னேன்.

கொளஞ்சி மாஸ்டர் அடுப்பைவிட்டு எழுந்து வந்தார். "டீச்சர், இப்பதான் வெட்டின கறிங்க. ஐஸ்ல போடாதீங்க, இழுத்துக்கும். மஞ்சத்தூள் தடவி, வேப்பமரத்து நெழல்ல ஈரத்துணி மூடி வெச்சிருவோம். நாலு மணிநேரம் தாங்கும்."

"கெட்டுப்போனா யாரு மாஸ்டர் பதில் சொல்றது? நான் படிச்சிருக்கேன்."

நான் படிச்சிருக்கேன். அந்த இரண்டு சொல்லை இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது.

தம்பி வந்தபோது பதினொன்று தாண்டிவிட்டது.

பழி ஓரிடம்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எனக்கு வாய் உண்டு. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும்போது, தராசில் கட்டைவிரலை வைத்து அழுத்திய வெங்காய வியாபாரியோடு சந்தை நடுவில் சண்டை போட்டவள் நான். "இவளைக் கட்டுறவன் பாவம்" என்று அப்பா சொன்னார். அப்படிப்பட்ட வாய் தேவைப்பட்ட அன்று வேலை செய்யவில்லை.

ஐஸால்தான் கறி கெட்டது என்று எனக்கு அப்போது நிச்சயமாகத் தெரியாது. அது உண்மைதான். ஆனால் மாஸ்டர் வேண்டாம் என்று சொன்னது தெரியும். நான் கேட்கவில்லை என்பதும் தெரியும். அதை மட்டும் சொல்லியிருந்தால்கூட அந்த வேன் கதவு திறந்திருக்காது. புகுந்த வீட்டு ஜனம் மொத்தமும் உட்கார்ந்திருந்தது. டீச்சர் என்று அதுவரை கிடைத்த மரியாதை போய்விடும் என்று பயந்தேன். வேறு காரணம் இல்லை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அடுத்தடுத்த முகூர்த்தங்களில் எங்கள் சொந்தத்தில் ஒருவரும் கொளஞ்சி மாஸ்டரைக் கூப்பிடவில்லை. "கை சுத்தம் இல்லாத ஆளு" என்று ஒரு கல்யாண வீட்டில் என் காதுபடவே பேசிக்கொண்டார்கள். நான் பாயசத்தைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

மூத்தார் தன் பங்குக்கு இன்னொன்றும் செய்தார். ஒருவேளை சாமி குத்தமாகவும் இருக்கலாம் என்று கோயிலில் ஒரு பரிகார பூஜை வைத்தார். அங்கே போய் நானும் விழுந்து கும்பிட்டேன். எனக்கு வெட்கமே இல்லை பாருங்கள்.

பஸ் கம்பியும் கையும்

ஓரிரு வருடம் போயிருக்கும். நான் வேலை பார்த்த பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்குத் தசைச் சுருக்கம் பாடம். ஆக்டின், மையோசின் என்று இரண்டு புரதம். ஆக்டின் மெல்லிய இழை, மையோசின் தடித்த இழை. இரண்டும் ஒன்றன் இடுக்கில் ஒன்றாக வரிசை கட்டிக் கிடக்கின்றன. தசை சுருங்கும்போது எந்த இழையும் குட்டையாவதில்லை. ஒன்றின் மேல் ஒன்று நழுவுகிறது. பிள்ளைகளுக்கு இது மண்டையில் ஏறவே ஏறாது.

நான் எப்போதும் டவுன் பஸ்ஸைத்தான் உதாரணம் சொல்வேன். கூட்டத்தில் பின்னாலிருந்து முன்வாசலுக்குப் போக வேண்டும். மேலே கம்பி. கையால் எட்டிப் பிடிக்கிறோம், உடம்பை இழுக்கிறோம், பிடியை விடுகிறோம், இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கிறோம். கம்பிதான் ஆக்டின். கைதான் மையோசினின் தலை. ஒரு தசைக்குள் கோடிக்கணக்கான கைகள் இப்படிப் பிடித்துப் பிடித்து இழுக்கின்றன. நரம்பிலிருந்து உத்தரவு வந்தால் தசைக்குள் ஒரு சேமிப்புப் பையிலிருந்து கால்சியம் வெளியே வரும். அது வந்தால்தான் கம்பியில் கை வைக்க இடம் திறக்கும். கால்சியம் பைக்குள் திரும்பிவிட்டால் தசை தளரும்.

இதே இரண்டு புரதங்கள்தான் தசையல்லாத செல்களையும் நகர்த்துகின்றன. காது குத்தினால் அந்தத் துளைக்குள் தோல் செல்கள் ஊர்ந்து வந்து உள்சுவர் கட்டும். முன்பக்கம் ஆக்டின் இழை நீண்டு செல்லின் விளிம்பைத் தள்ளும், பின்பக்கம் மையோசின் இழுத்துக்கொள்ளும். செல் ஒரு மயிரிழை தூரம் நகரும். தோடு போட்ட குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும், காதுக்குள் அந்த வேலை நடந்துகொண்டிருக்கும். என் மகள் காதில் துளை ஆறுவதைத் தினமும் பார்த்துப் பார்த்து மருந்து போட்டவள் நான்.

அன்று வகுப்பில் கேட்டேன்: "ஏ.டி.பி. என்கிற சக்தி எதுக்கு வேணும்?"

"இழுக்க மிஸ்" என்றார்கள்.

"இழுக்கவும் வேணும், பிடியை விடவும் வேணும். புதுசா ஒரு ஏ.டி.பி. வந்து ஒட்டினாத்தான் மையோசின் தலை ஆக்டினை விடும். செத்த உடம்பு ஏன் விறைக்குது? சக்தி தீர்ந்துபோச்சு. பிடிச்ச கை பிடிச்சபடியே நின்னுபோச்சு."

முதல் பெஞ்சிலிருந்து பர்வீன் எழுந்தாள். அவளுடைய அப்பாவுக்கு ஜெயங்கொண்டத்தில் ஆட்டுக்கறிக் கடை.

"மிஸ், அதான் எங்க அத்தா அறுத்த கறிய ஒடனே ஃபிரிட்ஜ்ல வெக்க வுட மாட்டாரா? வெச்சா இழுத்துக்கும், அப்பறம் எவ்ளோ வேவ வெச்சாலும் ரப்பருதாம்பாரு."

எனக்குச் சாக்பீஸ் கையிலேயே நின்றுவிட்டது. இழுத்துக்கும். கொளஞ்சி மாஸ்டர் சொன்ன அதே வார்த்தை.

வீட்டுக்குப் போய்ப் புத்தகங்களைப் புரட்டினேன். எல்லாம் இருந்தது. ஆடு செத்த பிறகும் கொஞ்ச நேரம் சதைக்குள் சக்தி மிச்சம் இருக்கும். அந்த நேரத்தில் சட்டென்று குளிர வைத்தால் கால்சியத்தைப் பிடித்து வைத்திருக்கும் பை தளர்ந்து கால்சியம் கசியும். உடனே கோடி கைகளும் கம்பியைப் பிடித்து இழுக்க ஆரம்பிக்கும். எலும்போடு இருந்தாலாவது எலும்பு தடுக்கும். துண்டு போட்ட சதையைத் தடுக்க ஒன்றுமில்லை. இருக்கிற சக்தி தீரும்வரை இழுத்துச் சுருங்கி, அந்த நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். பிறகு எத்தனை விறகை வைத்தாலும் பழைய மென்மை வராது.

வருடா வருடம் இந்தப் பாடத்தை நடத்தினவள் நான். புத்தகத்தில் இருந்த தசையும் பெட்டியில் இருந்த கறியும் ஒன்று என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

அன்று இரவு என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. "போய்ச் சொல்லிட்டு வா" என்றார்.

மாஸ்டர் வீட்டில்

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். வேப்பமரத்தடியில் அந்த வேன் நின்றது. பின்கதவு இரண்டும் திறந்து கிடந்தன. உள்ளே அண்டாக்கள் கவிழ்ந்து கிடந்தன. மாஸ்டர் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு நிலைப்படியில் நின்றுகொண்டார்.

"மாஸ்டர், அன்னிக்கு உங்க மேல தப்பு இல்ல. நான் ஐஸ்ல போட்டதுனாலதான் கறி அப்படி ஆச்சு."

"தெரியுங்க டீச்சர்."

"தெரியுமா?"

"பெட்டியிலேர்ந்து எடுக்கையிலயே கையில தட்டுப்பட்டுச்சு. நீளமாப் போட்ட துண்டெல்லாம் உருண்டு சுருங்கிக் கெடந்துச்சு."

"அப்பறம் ஏன் எங்க மூத்தாருகிட்ட நீங்க சொல்லல?"

மாஸ்டர் காப்பி டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "நீங்க பக்கத்துலதான நின்னீங்க. நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

நான் அழுதுவிட்டேன். அழுகையோடு மன்னிப்புக் கேட்டேன். அவர் பதறி எழுந்து, "அழுவாதீங்க டீச்சர்" என்றார். ஆனால் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அவர் மனைவி நிலைப்படியிலிருந்தே பேசினார்.

"இங்க வந்து சொன்னா எங்களுக்குத்தாங்க கேக்கும். அவுரு பேரு இந்த வூட்லயா போச்சு? பந்தியில போச்சு."

மாஸ்டர் அவரைத் தடுக்கவில்லை. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். பேச்சை மாற்ற வேண்டுமே என்று, "வேன் கதவு தெறந்து கெடக்குதே" என்றேன்.

"அன்னிக்கிலேர்ந்து சாத்துறதில்லைங்க. எந்த விருந்துக்குப் போனாலும் எல்லாருக்கும் தெரியறாப்புல நிறுத்தித் தெறந்துதான் வெக்கறது. பழகிப்போயி இங்கயும் அப்படியே கெடக்குது. யாரும் தொறந்து காட்டுன்னு சொல்ல வேணாம் பாருங்க."

இரண்டு சட்டி

அதற்கடுத்த வருடம் என் சின்னவனுக்குக் காதுகுத்து. அதே கோயில். சமையலுக்குக் கொளஞ்சி மாஸ்டர்தான் என்று சொன்னதும் மூத்தார் முகத்தைச் சுளித்தார். "ஊருல வேற ஆளே இல்லியா?"

"பிள்ளை என் பிள்ளை மாமா. இந்த ஒரு தடவ" என்றேன். என் வீட்டுக்காரரும் என் பக்கம் நின்றார்.

மாஸ்டரிடம் முன்கூட்டியே எல்லாம் சொல்லியிருந்தேன். "வேணாங்க, மறுபடியும் பேச்சாயிடும்" என்றார் முதலில். பிறகு மனைவி எடுத்துச் சொன்னதால் ஒப்புக்கொண்டார். வேனைப் பந்திப் பந்தலுக்கு நேரெதிரே நிறுத்திப் பின்கதவுகளைத் திறந்து வைத்தார். தம்பி குமரவேல் இந்த முறை முந்தின நாளே வந்து கோயில் மண்டபத்தில் படுத்துவிட்டான். லாரிக்காரன் புத்தியை நம்ப முடியாது என்றான்.

மூத்தார்தான் கெடாவை வெட்டினார். ஒரு தொடைச் சதையை எடுத்து இரண்டு பங்காகப் போடச் சொன்னேன். ஒரு பங்கை மற்றக் கறியோடு சேர்க்காமல் தனியாக வைத்தேன். இன்னொரு பங்கைப் பையில் கட்டி ஐஸ் பெட்டிக்குள் வைத்து, பெட்டியை மூத்தார் நாற்காலிக்கு அடியில் தள்ளினேன்.

"இது எதுக்கும்மா?"

"சும்மாதான் மாமா. யாரும் தொடாம பாத்துக்குங்க."

நம்பி ஒப்படைத்துவிட்டால் அவர் நகர மாட்டார். பெட்டி மேல் காலை வைத்துக்கொண்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஏழு மணிக்கு என் தம்பி மடியில் காதுகுத்து முடிந்தது. உடனே சட்டி ஏறியது. தனியாக வைத்த தொடைப் பங்கும் ஒரு சின்னச் சட்டியில் வெந்து இறங்கியது. பத்து மணிக்கு மேல் மூத்தாரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தார். அதே மசாலா, அதே தீ. மாஸ்டர் அந்தச் சட்டியை முதல் சட்டியைவிடக் கூடுதல் நேரமே வேகவிட்டார்.

பந்தி உட்கார்ந்தது. மூத்தார் இலையில் நானே இரண்டு சட்டியிலிருந்தும் பரிமாறினேன். அவர் முதலில் வலப்பக்கத்துத் துண்டை எடுத்தார். வெண்ணெயாட்டம் போச்சு என்றார். அடுத்து இடப்பக்கத்துத் துண்டு. மென்றார். இன்னும் மென்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு, பந்தல் முழுக்கக் கேட்கச் சத்தமாகச் சொன்னேன்.

"ரெண்டும் ஒரே தொடை மாமா. வெட்டினது நீங்க, காவல் இருந்ததும் நீங்க. அன்னிக்குப் பாப்பா காதுகுத்துல கறிய ஐஸ்ல போடச் சொன்னது நான். வேணாம், இழுத்துக்கும்னு சொன்னது மாஸ்டர். நான் கேக்கல. அவரு வேனை நீங்க தொறக்கச் சொன்னப்ப பக்கத்துலதான் நின்னேன். பேசல. தப்பு முழுக்க என்னுது."

என் நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டார். மூத்தார் வாயில் இருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் ஒரு ஓரத்தில் ஒதுக்கினார்.

"ஐஸ்ல போட்டா இப்படியா ஆவும்?"

"ஆடு செத்தாலும் சதை ஒடனே சாவறதில்ல மாமா. குளிரு பட்டா இறுக்கிப் பிடிச்சிக்கும். பிடிச்ச பிடிய விடறதுக்கு அப்பறம் அதுல சத்து இருக்காது."

"சாமி குத்தம்னு பரிகாரம்லாம் பண்ணினமேம்மா" என்றார் அவர். யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாதிச் சாப்பாட்டில் இலையைவிட்டு எழுந்திருக்கிறவர் அல்ல மூத்தார். அன்று எழுந்தார். எச்சில் கையோடு அடுப்படிக்கு நடந்தார். அங்கே கொளஞ்சி மாஸ்டர் கரண்டியைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"மாஸ்டரு" என்றார் மூத்தார். அவர் வாயில் அந்த வார்த்தையை அதுவரை நான் கேட்டதில்லை. "அன்னிக்கு எல்லாரும் கேக்கத்தான் சொன்னேன். இன்னிக்கும் எல்லாரும் கேக்கச் சொல்றேன். நான் சொன்னது தப்பு."

மாஸ்டர் அவரைப் பார்த்தார். பிறகு தள்ளி நின்ற என்னைப் பார்த்தார்.

"சரிங்க" என்றார். "போயி ஒக்காருங்க. சோறு ஆறுது."

மூத்தார் திரும்பி வந்து உட்கார்ந்தார். மாஸ்டர் கரண்டியைச் சட்டிமேல் குறுக்கே வைத்தார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, பந்தலுக்கு எதிரே நின்ற வேனுக்குப் போனார். பின்கதவு இரண்டையும் ஒவ்வொன்றாக இழுத்துச் சாத்தினார். பூட்டவில்லை. திரும்பி வந்து, இரண்டாம் பந்திக்கு இலை போடச் சொன்னார்.